தரை ஆமைக்குத் தாடை மட்டமே தண்ணீர்

கோடை மழைக்குப் பின் புழுதி உழவு ஓட்டும் போதும், வேலி ஓரத்துப் புதர்களை வெட்டிச் சீர் செய்யும் போதும், மானாவாரி விவசாயிகளின் கண்ணில் எப்போதாவது ஓர் ஆமை படுவதுண்டு. கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற முதுகு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல் விரிந்திருக்கும். இதைக் கண்டவர்களில் சிலர் வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். இது சட்டப்படி குற்றமாகும். வேறு சிலர், 'ஆமை தண்ணீரில் வாழும் பிராணி, பாவம், வழி தவறி மேட்டுக்கு வந்துவிட்டது' என்று இரக்கப்பட்டுப் பக்கத்துக் கிணற்றிலோ பண்ணைக் குட்டையிலோ விட்டுவிடுகிறார்கள். 'ஆமை புகுந்த வீடு' பற்றிய பழமொழிக்கு அஞ்சி, குடியிருப்புப் பக்கம் வராதபடி குளத்தில் எறிந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இரக்கத்தால் விட்டாலும் பயத்தால் எறிந்தாலும் அந்த ஆமை நீரில் மூழ்கி இறந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிய கூட்டம் முடிந்து நான் புறப்படும் சமயம், வயதான விவசாயி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், நாலு நாளைக்கு முன்னால் காட்டாமை ஒன்று கிடைத்தது. கிணற்றில் விட்டேன். நேற்றுச் செத்து மிதக்கிறது. பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தார்கள். தண்ணீரில் விஷம் இறங்கியிருக்குமோ?" என்று கேட்டார். அன்று காலை முதல் அவர் வீட்டுப் பெண்கள் அரை மைல் நடந்து ஊர்க் குழாயில் தண்ணீர் எடுத்து வந்து கொண்டிருந்தார்கள். மாடுகளுக்கும் அந்தக் கிணற்று நீரைக் காட்டவில்லை. போய்ப் பார்த்தேன். நட்சத்திர ஆமைதான். கிணற்றில் மீன் குஞ்சுகளும் தவளைகளும் நன்றாகவே நீந்திக் கொண்டிருந்தன. "தண்ணீரில் விஷம் இருந்தால் முதலில் மீன் செத்திருக்கும் பெரியவரே. இந்த ஆமைக்கு நீந்தத் தெரியாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டாக்டர் பட்டம் வாங்கிய ஆள் இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்திருக்கலாம். அவரிடம் அன்று பத்து நிமிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

(கிணற்றில் ஆமையோ வேறு எந்தப் பிராணியோ இறந்து கிடந்தால், உடலை அப்புறப்படுத்தி, கிணற்றை ஒரு முறை முழுதும் இறைத்துவிட வேண்டும். புது நீர் ஊறிய பின் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.)

காலைப் பாருங்கள்

நமது சமவெளியில் விவசாயிகள் பொதுவாகச் சந்திக்கும் ஆமைகள் மூன்று. நட்சத்திர ஆமை, காராமை, பாலாமை. இவற்றுள் நட்சத்திர ஆமை ஒன்றே தரையில் வாழ்வது. சில ஊர்களில் இதையே காட்டாமை என்கிறார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் சில பகுதிகள், குஜராத், ராஜஸ்தான் ஆகிய இடங்களிலும், பாகிஸ்தானின் எல்லைப் பகுதியிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது காணப்படுகிறது. முட்புதரும் கரம்பும் புல்லும் கலந்த இடமே இதற்கு உகந்தது. எனவேதான் மானாவாரிக் காட்டு வேலிகளில் அகப்படுகிறது.

எங்கே கண்டெடுத்தோம் என்பதை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது. நீரில் வாழும் காராமையும் இரவில் கரையேறிப் புல் மேய்வதுண்டு. முட்டையிடவும் மேட்டுக்கு வரும். ஆகவே காலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நட்சத்திர ஆமையின் பின்னங்கால் யானைக்கால் போல் உருண்டு திரண்டிருக்கும். விரல்களுக்கு இடையே சவ்வு கிடையாது. முன்னங்கால் தடித்த செதில்கள் மூடியிருக்கும். நடக்கும் போது உடலைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நடக்கும். காராமையின் ஓடு கறுத்து, உயரம் குறைந்து, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்புகள் ஓடியிருக்கும். விரல்களைச் சவ்வு இணைத்திருக்கும். பாலாமையை அடையாளம் காண்பது இன்னும் எளிது. ஓட்டின் மேல் தோல் போர்த்தது போல் வழவழப்பாக இருக்கும். மூக்கு குழாய் போல் நீண்டிருக்கும். வயிற்றுப் பக்கம் பின்னங்காலை மூடிக் கொள்ள மடல்கள் உண்டு. இது கடிக்கும், கவனம் தேவை.

ஏரி வற்றியதும் பாலாமை சேற்றுக்குள் புதைந்து கொண்டு அடுத்த மழை வரை கிடக்கும். வண்டல் மண் எடுக்கும் போது மண்வெட்டியிலும் இயந்திரத்திலும் அகப்படுவது பெரும்பாலும் இதுதான். அப்படி வெளிப்பட்டால் அதே ஏரியில் ஈரம் உள்ள ஆழமான பகுதிக்குக் கொண்டு போய்ச் சேற்றில் வைத்துவிட்டால் போதும்.

கிணற்றில் ஆமை விட்டால் நீர் தெளியும் என்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் விடப்பட்டவை காராமையும் பாலாமையுமே. அவை புழு பூச்சிகளையும் செத்தவற்றையும் தின்னும் என்பது உண்மை. அதே சமயம் அவற்றின் கழிவும் அதே நீரில்தான் சேருகிறது. வயிற்றுப் போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியை ஆமைகள் சுமப்பதுண்டு. ஆதலால் குடிநீர்க் கிணற்றுக்கு இந்த வழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய வழக்கத்தை நினைத்து, கையில் கிடைத்த ஆமை எதுவானாலும் கிணற்றில் விடுவதுதான் பெரிய தவறு.

மிதக்கிறது, ஆனால் நீந்தவில்லை

தரை ஆமை நீரில் விழுந்தவுடன் கல் போல் அடியில் போய்விடாது. பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டின் உட்கூரையை ஒட்டிப் பரந்திருக்கிறது. அதில் காற்று நிறைந்திருக்கும் வரை ஆமை முதுகு மேலாக மிதக்கும். நான்கு கால்களையும் நடப்பது போலவே அசைக்கும். மேலிருந்து பார்க்கிறவர், 'ஆகா, நீந்துகிறது' என்று திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

அது நீச்சல் அல்ல. சவ்வு இல்லாத உருண்டைக் கால் தண்ணீரைத் தள்ளாது. செங்குத்தான கிணற்றுச் சுவரில் கால் ஊன்ற இடமில்லை. மூச்சு விடும் முறையும் இதற்குப் பாதகமாக இருக்கிறது. நமக்கு மார்புக்கூடு விரிந்து சுருங்குகிறது. ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிப் போனவை, அசையாதவை. அது வயிற்றுத் தசைகளாலும் தோள், கால் அசைவாலும்தான் காற்றை இழுத்து வெளியே விடுகிறது. கால்கள் ஓய்ந்தால் மூச்சும் குறையும். இது தவிர, ஆமையின் உடல் சூடு சுற்றுப்புறச் சூட்டைப் பொறுத்தது. நிழல் விழுந்த ஆழ்கிணற்று நீரில் நேரம் ஆக ஆக உடல் குளிர்ந்து தசைகள் மந்தமாகும். தலையைத் தூக்கிப் பிடிக்கும் வலு போனதும் மூக்கில் நீர் ஏறும். நமக்கு இருப்பது போல் உதரவிதானம் இல்லாததால் இருமி வெளியே தள்ளவும் இயலாது. பிறகு மூழ்கும். உடல் அழுகி வாயு சேர்ந்த பின் மறுபடி மேலே வரும். அந்தப் பெரியவர் நாலாம் நாள் கண்டது இதைத்தான்.

தரை ஆமைகள் மிதந்து பிழைத்த நிகழ்ச்சியும் இல்லாமல் இல்லை. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமை ஒன்று 2004 டிசம்பரில் தான்சானியா நாட்டுக் கடற்கரையில் ஏறி வந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 740 கிலோ மீட்டர் கடல். கப்பலின் அடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற உயிர்கள் அதன் கால்களில் வளர்ந்திருந்ததைக் கொண்டு, வாரக் கணக்கில் கடலில் கிடந்தது என்று கணித்தார்கள். உடல் வெகுவாக இளைத்திருந்தது. அந்த ஆமை மிகப் பெரியது, கழுத்தும் நீளமானது, ஏறி வர மணற்கரையும் இருந்தது. ஒரு சாண் ஆமைக்கு முப்பது அடிக் கிணற்றில் இந்த வசதி ஒன்றும் கிடையாது.

அது சுமக்கும் தண்ணீர்

தரை ஆமை தண்ணீருக்குப் பகை என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. அதற்குத் தண்ணீர் மிகவும் வேண்டும். மழை பெய்ததும் புதரிலிருந்து வெளியே வந்து, மாட்டுக் குளம்படிப் பள்ளத்தில் தேங்கிய நீரில் முகத்தை வைத்து வயிறு முட்டக் குடிக்கும். அப்படிக் குடித்ததைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்து, வறட்சியில் சிறிது சிறிதாக உடம்புக்குள் திரும்ப இழுத்துக் கொள்ளும். உப்புக் கழிவைத் தண்ணீராக வெளியேற்றாமல் சுண்ணாம்புக் குழம்பு போன்ற வெள்ளைக் கழிவாக வெளியேற்றுவதும் நீரை மிச்சப்படுத்தத்தான். பெண் ஆமை முட்டையிடக் குழி தோண்டும் போது, இறுகிய மண்ணை இளக்குவதற்கும் இந்த நீரையே பயன்படுத்துகிறது.

1835-ஆம் ஆண்டு கலாப்பகோஸ் தீவுகளுக்குச் சென்ற சார்லஸ் டார்வின், அங்குள்ள ராட்சத ஆமைகள் ஊற்றுக்கு வந்து கண் மறையும் அளவுக்குத் தலையை நீரில் அமிழ்த்திக் குடிப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். தாகத்தில் அகப்பட்ட தீவுவாசிகள் ஆமையைக் கொன்று அதன் சிறுநீர்ப்பையில் இருந்த நீரைக் குடிப்பார்கள் என்றும் அவர் குறித்துள்ளார்.

பயந்தால் ஆமை இந்தச் சேமிப்பு முழுவதையும் ஒரே நொடியில் கொட்டிவிடும். திடீரென்று கையில் தூக்கினால் பீய்ச்சி அடிப்பது இதுதான். அமெரிக்காவில் அரிசோனா பாலைவன ஆமைகளைப் பிடித்து அளந்து விட்ட ஆய்வாளர்கள், கையில் எடுத்த போது நீரைக் கழித்துவிட்ட ஆமைகளில் பின்னர் பிழைத்திருந்தவை குறைவு என்று கண்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சித்திரை மாதம், வேலி ஓரம் கண்ட நட்சத்திர ஆமையைத் தூக்கி உடன் வந்தவர்களுக்குக் காட்டினேன். என் சட்டை நனைந்தது. எல்லோரும் சிரித்தோம். அதைக் கீழே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மழைக்கு அங்கே இரண்டு மாதம் இருந்தது. அந்தச் செய்கையின் பொருள் வெகு நாள் கழித்தே எனக்கு விளங்கியது.

எனவே நலமாக நடந்து போகும் ஆமையைத் தொடவே வேண்டாம். உழவு சாலிலோ வண்டித் தடத்திலோ இருந்தால் மட்டும், இரு கைகளாலும் ஓட்டின் இரு பக்கங்களைப் பிடித்து, தரைக்கு அருகிலேயே, சாய்க்காமலும் கவிழ்க்காமலும் எடுத்து, அது போய்க் கொண்டிருந்த திசையில் உள்ள புதர் நிழலில் விட வேண்டும்.

நனைக்கும் முறை

சில சமயம் உதவி செய்தே தீர வேண்டியிருக்கும். வறண்ட தொட்டியிலோ குழியிலோ பல நாள் அகப்பட்டுக் கிடந்த ஆமை, கண் குழி விழுந்து, கால்கள் துவண்டு, கையில் எடுத்தால் காலி டப்பா போல் கனமற்று இருக்கும். அல்லது கையில் எடுத்ததும் தன் நீரைக் கொட்டியிருக்கும். அத்தகைய ஆமையை வனத்துறையினர் வரும் வரை ஒரு முறை நனைத்து வைப்பது நல்ல முதலுதவி. சட்டப்படி அனுமதி பெற்று இந்த இன ஆமைகளை வளர்க்கும் வெளிநாடுகளில், இப்படி நனைப்பது வழக்கமான பராமரிப்பாகவே இருக்கிறது. நாம் இதை முதலுதவிக்கு மட்டும் கைக்கொள்ளலாம்.

அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம் வேண்டும். கொத்தனார் கலவை அள்ளும் சட்டியோ, பக்கங்கள் உயர்ந்த பழைய தட்டோ போதும். சமையல் பாத்திரம் கூடாது. கண்ணாடி போல் வெளியே தெரியும் பாத்திரமும் வேண்டாம், வெளியே போக வழி இருப்பதாக எண்ணிச் சுவரோடு முட்டிக் கொண்டே இருக்கும். அடியில் ஒரு சாக்குத் துண்டைப் பரப்பினால் கால் வழுக்காது.

தண்ணீர் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஆமை தலையை இயல்பாக நீட்டி நிற்கும் போது நீர் அதன் தாடைக்குக் கீழே இருக்க வேண்டும். மேல் ஓடும் வயிற்று ஓடும் சேரும் கோடு வரை என்றும் வைத்துக் கொள்ளலாம். ஒரு சாண் ஆமைக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம். எலுமிச்சம்பழ அளவுள்ள குஞ்சுக்கு அரை அங்குலமே மிகுதி. நீர் வெதுவெதுப்பாக, முழங்கையை வைத்தால் சூடோ குளிரோ தெரியாதபடி இருக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் குளிர்ந்த நீரையும், வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் கொதிநீரையும் தவிர்க்க வேண்டும். உப்பு, மஞ்சள், சோப்பு, குளுக்கோஸ் எதுவும் கலக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கு எண்ணெய் தடவுவதும் வேண்டாத வேலை.

பாத்திரத்தை நிழலில் வைத்து, ஆமையை மெதுவாக இறக்கி, 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். இந்த நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுவரில் ஏறப் பார்த்து மல்லாந்துவிட்டால் இரண்டு அங்குல நீரிலும் ஆமை மூழ்கி இறக்கும். 'மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன்' என்று போகக் கூடாது.

முதல் ஓரிரு நிமிடம் தலையை உள்ளே இழுத்துக் கொள்ளும், அல்லது அவசரமாகக் கால்களால் பிராண்டும். பயம்தான் காரணம். சற்று எட்ட நின்றால் அடங்கிவிடும். அடங்காமல் பிராண்டிக் கொண்டே இருந்தால் நீரின் ஆழத்தையும் சூட்டையும் மறுபடி பாருங்கள். பின்பு கழுத்தை நீட்டி மூக்கும் வாயும் நீருக்குள் போகும்படி வைத்து அசையாமல் இருக்கும். இதைக் கண்டு மூழ்குகிறது என்று பதறி எடுத்துவிடுகிறவர்கள் அநேகர். தொண்டையைக் கவனியுங்கள். விட்டு விட்டுத் துடித்தால் குடிக்கிறது என்று பொருள். சில நிமிடம் தலையைத் தூக்காமலேயே குடிக்கும். தொல்லை செய்யாதீர்கள்.

குடித்த பின் வாலைத் தூக்கிச் சிறுநீரும் சாணமும் கழிக்கும். கூடவே வெள்ளைக் கழிவும் வரும். அது தயிர் போல் மென்மையாக இருந்தால் நல்லது. மணல் போல் நறநறவென்று இருந்தால் வெகு நாள் நீரின்றி இருந்ததாகக் கொள்ள வேண்டும். நீர் அழுக்கானவுடன் கொட்டிவிட்டு வேறு நீர் மாற்ற வேண்டும், அழுக்கு நீரையும் அது குடித்துவிடும்.

இரண்டு அறிகுறிகள் அபாயமானவை. தலை வலுவின்றி நீருக்குள் தொங்கினால் உடனே வெளியே எடுத்து, ஈரச் சாக்கின் மேல், முன்பக்கம் சற்று உயரமாக வைக்க வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் நுரையீரலில் நோய் இருக்கலாம். இத்தகைய ஆமையை நனைக்கக் கூடாது.

நனைத்து முடிந்ததும் துணியால் ஒற்றி, நிழலும் காற்றோட்டமும் உள்ள அட்டைப் பெட்டியில் வைக்கலாம். வாடியிருக்கும் ஆமைக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. தீனியும் அறுகம்புல்லும் வேலி ஓரக் கீரையும் போதும். சோறு, ரொட்டி, பால் கொடுத்து வயிற்றைக் கெடுக்க வேண்டாம். ஆமையைத் தொட்டவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மூழ்கியதை எடுத்தால்

கிணற்றிலிருந்து எடுத்த ஆமை அசையவில்லை என்பதால் இறந்ததாக முடிவு கட்ட வேண்டாம். ஊர்வன இனங்களுக்குப் பிராணவாயுத் தேவை குறைவு. கண்டவுடன் தலை கீழ் நோக்கி இருக்கும்படி பிடித்து, கழுத்தை மெதுவாக முன்னே இழுத்து நேராக்கினால் வாய், மூக்கு வழியே நீர் வடியும். மல்லாக்கக் கிடத்தக் கூடாது, மற்ற உறுப்புகள் நுரையீரலை அழுத்திவிடும். நீர் வடிந்ததும் நேராக வைத்து, கழுத்தை நீட்டிய நிலையில் முன்னங்கால்களை வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக நிதானமாகச் செய்தால், துருத்தி போல் காற்று போய் வரும். சற்று நேரம் பொறுமையாகச் செய்ய வேண்டும். உயிர் வந்துவிட்டது என்று அன்றே புதரில் விட்டுவிடவும் கூடாது. நுரையீரலில் புகுந்த நீரால் சில நாட்களில் நிமோனியா காய்ச்சல் கண்டு இறப்பதுண்டு. கால்நடை மருத்துவரின் ஊசி மருந்து தேவைப்படும். வனத்துறை மூலம் அதற்கு ஏற்பாடு செய்ய முடியும்.

சட்டம்

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது, விற்பது, வாங்குவது அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. புலியும் யானையும் உள்ள பட்டியல் அது. பாலாமையும் அதில் உண்டு. முதல் பட்டியல் உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வெளிநாட்டு வளர்ப்புச் சந்தைக்காக இவை கடத்தப்பட்டு, சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஊரில் எவராவது வந்து, 'காட்டாமை கிடைத்தால் கொடுங்கள், காசு தருகிறேன்' என்றால் அதன் பின்னால் இருப்பது இதுதான். கூலிக்குப் பொறுக்கிக் கொடுத்தவர் உள்ளே போவார், வாங்கியவர் பெயர் வெளியே வராது. அடிபட்ட அல்லது சோர்ந்த ஆமை கிடைத்தால் வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ அன்றே தகவல் சொல்லிவிடுவது விவசாயிக்கும் பாதுகாப்பு.

இதனால் பயிருக்குச் சேதம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. புல், களைச் செடி, உதிர்ந்த பழம், பூ ஆகியவையே இதன் பிரதான உணவு. இதற்கென்று மருந்தோ வேலியோ போட வேண்டிய அளவு சேதத்தை நான் எங்கும் கண்டதில்லை.

கிணற்றிலும் குட்டையிலும் செய்ய வேண்டியவை

தரையோடு தரையாக இருக்கும் பழைய கிணறுகளே முதல் எமன். முழு உயரக் கைப்பிடிச் சுவருக்கு வசதி இல்லாவிட்டாலும், சுற்றிலும் ஓரடி உயரத்துக்குக் கல்லோ செங்கல்லோ அடுக்கிப் பூசினால் ஆமை ஏறாது. மாட்டுக்கும் குழந்தைக்கும் அது போதாது என்பதால், முடிந்தவர்கள் முழுச் சுவரே எழுப்புவது நலம்.

பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டைகள் பெருகியுள்ளன. சரிவாகத்தானே இருக்கிறது, ஏறி வந்துவிடும் என்று எண்ணலாம். நனைந்த விரிப்பில் ஆமை மட்டுமல்ல, ஆட்டுக்குட்டியும் ஏற முடியாது. ஒவ்வொரு மூலையிலும் மூன்றடி அகலத்துக்குத் தென்னை நார் வலையையோ, பழைய சாக்குகளை ஒன்றோடொன்று தைத்தோ, மேல் கரையில் முளை அடித்துக் கட்டி நீருக்குள் தொங்க விட வேண்டும். நீர் மட்டம் இறங்கினாலும் எட்டும்படி அடி வரை இருக்கட்டும். கருங்கல்லைக் கட்டி இறக்கினால் விரிப்பு கிழியும். மணல் நிரப்பிய சிறு பையைக் கட்டலாம். தவறி விழுந்த ஆளுக்கும் இந்த வலை பிடிமானமாகும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டி தரை மட்டத்தில் இருந்தால், உள்ளே ஒரு மூலையில் தட்டையான கற்களைப் படி போல் அடுக்கி வைத்தால் போதும்.

தொட்டியையும் குட்டையையும் தேடி ஆமை வருவது தாகத்தால்தான். கோடையில் வேலி ஓரப் புதர் நிழலில், விளிம்பு தரையோடு சமமாக இருக்கும்படி ஓர் அகலமான மண் சட்டியைப் புதைத்து வைக்கலாம். உடைந்த தாழியின் அடித்துண்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது, சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. உள்ளே இரண்டு அங்குலத்துக்கு மேல் நீர் நிற்காதபடி சிறு கற்களைப் போட்டு மட்டப்படுத்துங்கள். கௌதாரியும் ஓணானும் கூட வந்து குடிக்கும். கொசு முட்டை வைக்காமலிருக்க மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய நீரை இறைத்து ஊற்றிவிட்டு, சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்து, புது நீர் விட வேண்டும்.